இமயத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் நான் நடைப்பயணம் போனதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உயிரோடு சம்பந்தப்பட்ட இடங்களில் நின்று விரிவாகச் சொல்லியிருக்கிறேன், மற்றவை சுருக்கமாக இருக்கும்.

நாங்கள் நாலு கூட்டாளிகள், எல்லாரும் கிளப்பில் உதைபந்து விளையாடுகிறவர்கள். லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு ஏறி இறங்க எட்டு நாள் போதும் என்று ஒரு பயண முகவர் சொல்கிறார். எங்களுக்கு லீவும் அவ்வளவுதான். போகலாமா அண்ணா?
வாசகர், கல்லடி

வேண்டாம் தம்பி. உங்கள் உடம்பில் பிழை இல்லை, அந்த எட்டு நாளில்தான் பிழை.

லுக்லா 2,860 மீற்றர் உயரம், பேஸ் கேம்ப் 5,364. நாங்களோ வாவிக்கரையில், கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மேலே போனாலும் காற்றில் ஒட்சிசன் அதே 21 வீதம்தான், ஆனால் காற்றின் அமுக்கம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும், பேஸ் கேம்ப்பில் நிற்கும்போது கல்லடிக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். இதற்கு உடம்பு பழகத்தான் செய்யும். முதலில் மூச்சு வேகமாகும், அதனால் இரத்தத்தில் வருகிற மாற்றத்தைச் சிறுநீரகம் சரிக்கட்டும், அப்புறம் சிவப்பணு கூடும். மூச்சு உடனே மாறிவிடும், சிறுநீரகத்துக்கு நாட்கள் வேண்டும், சிவப்பணுவுக்கு வாரங்கள் வேண்டும். இதில் எதையும் தசைப் பலத்தால் கெதியாக்க முடியாது. சொல்லப்போனால் உங்களைப் போல விளையாடுகிற பொடியன்களைப் பற்றித்தான் எனக்குக் கூடப் பயம், ஏனென்றால் உங்களால் வேகமாக ஏற முடியும், கால் களைக்காது, உடம்பு பழகுவதற்கு முன்னமே மேலே போய் நின்றுவிடுவீர்கள்.

வழமையான நடையைப் பாருங்கள். முதல் இரவு பாக்டிங், மறுநாள் நாம்சே பஜார், அது 3,440 மீற்றர். அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். தங்குவது என்றால் படுத்துக் கிடப்பதில்லை, பகலில் 3,800 மீற்றர் வரை ஏறிவிட்டு இரவுக்கு நாம்சேக்கே இறங்கி வருவது. பிறகு தெங்போச்சே, அதற்கடுத்து 4,410 மீற்றரில் டிங்போச்சே, அங்கேயும் ஒரு தங்கல் நாள். பிறகு லோபுச்சே, அதற்கும் பிறகுதான் கோரக் ஷெப்பும் பேஸ் கேம்ப்பும். ஆக ஏறுவதற்கே எட்டு நாள், இறங்க மூன்று நாலு நாள். 3,000 மீற்றருக்கு மேலே போனால், இரவு படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கொரு தடவை ஒரே உயரத்தில் இரண்டு இரவு படுக்க வேண்டும் என்பது உயர மருத்துவம் படித்தவர்கள் சொல்கிற கணக்கு. உங்கள் முகவர் எட்டு நாளில் முடிக்கிறார் என்றால் அந்தத் தங்கல் நாட்களைத்தான் வெட்டியிருப்பார், அந்த வழியில் வெட்ட வேறு எதுவும் கிடையாது.

இன்னொன்று. லுக்லா ஓடுபாதை 527 மீற்றர்தான், அதுவும் மலைச்சரிவில் சாய்ந்து கிடக்கிறது. முகில் மூடினால் விமானம் வராது, ஒரு நாள் இரண்டு நாள் அங்கே காத்துக் கிடப்பது சர்வசாதாரணம். கூட்டம் கூடிய மாதங்களில் விமானமும் காத்மண்டுவிலிருந்து வெளிக்கிடாது, நடுச்சாமத்தில் வாகனம் பிடித்து ராமேசாப் மாவட்டத்து மந்தலிக்குப் போய் அங்கேதான் ஏற வேண்டும். இதற்கெல்லாம் கையில் நாள் வைத்திருக்காதவன், பிந்திய நாளை மலையில் பிடிக்கப் பார்ப்பான். அங்கேதான் வினை.

எட்டு நாள்தான் உண்டு என்றால் பொக்காராவுக்குப் போய் கோரேபானி வழியாகப் பூன் ஹில் ஏறுங்கள். 3,210 மீற்றர்தான், ஆனால் விடியப்புறம் அங்கே நின்றால் 8,167 மீற்றர் தௌலகிரி ஒரு பக்கம், அன்னபூர்ணா மலைகள் மறு பக்கம். அதைப் பார்த்தவன் யாரும் சின்ன மலைக்குப் போய் வந்தேன் என்று சொல்லமாட்டான். இன்னும் மூன்று நாலு நாள் சேர்க்க முடிந்தால் லாங்டாங். காத்மண்டுவிலிருந்து பஸ்ஸிலேயே சியாப்ருபேசி போகலாம், விமானத் தொல்லை இல்லை. நிறையப் பேர் லாமா ஹோட்டல் என்ற இடத்திலிருந்து ஒரே நாளில் 3,430 மீற்றர் லாங்டாங் ஊருக்கு ஏறிவிடுகிறார்கள். நீங்கள் நடுவில் கோடா தபேலாவில் ஒரு இரவு படுத்துப் போங்கள்.

அந்தப் பழைய லாங்டாங் ஊர் இப்போது இல்லை. 2015 ஏப்ரல் 25 பூமியதிர்ச்சியில் மேலேயிருந்து பனியும் பாறையும் சேர்ந்து வந்து ஊரையே மூடிவிட்டது. பாதை அந்தக் கற்குவியலின் மேலாகத்தான் போகிறது, செத்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். சுனாமி நாளான டிசம்பர் 26இல் நாவலடியில் போய் நிற்கிற எங்களுக்கு அங்கே யாரும் எதுவும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. புதிய ஊரை மேலே கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு இரவு தங்கி, அந்தச் சனத்தின் கையால் ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போங்கள்.

மகன் அக்டோபரில் பேஸ் கேம்ப் போகிறான். மேலே தலையிடி வருமாம், அது எவ்வளவுக்கு ஆபத்து? டயமொக்ஸ் என்று ஒரு குளிசை கொண்டுபோகச் சொல்கிறார்கள், அது நல்லதா?
ஒரு தாய், ஆலையடிவேம்பு

அம்மா, தலையிடி நிறையப் பேருக்கு வரும். அது வந்ததும் பயப்படத் தேவையில்லை, ஆனால் அதை மறைக்கவும் கூடாது. மகனிடம் நீங்கள் வாங்க வேண்டிய சத்தியம் ஒன்றுதான்: தலையிடியோடு சத்தி வருகிற மாதிரியோ, சாப்பாடு மனமில்லாமலோ, தலைசுற்றோ, வழமைக்கு மாறான சோர்வோ சேர்ந்தால் அன்றைக்கு மேலே ஏறமாட்டேன், வழிகாட்டியிடம் சொல்லிவிடுவேன் என்று. அதே உயரத்தில் தங்கினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் குணமாகிவிடும், பிறகு ஏறலாம். குறையாமல் கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைமையில் மட்டும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு இளைக்கிறது, இருமல், படுக்க முடியவில்லை என்றால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. உயரத்தால் சாகிறவர்களில் அதிகம் பேர் சாவது இதனால்தான், ஆரம்பத்தில் வெறும் தடிமன் இருமல் மாதிரித்தான் தெரியும். மற்றது மூளை வீங்குவது. லோபுச்சேயில் ஒரு விடுதியில் நான் பார்த்தேன். சாப்பாட்டு அறையின் நடுவில் சாணி வரட்டி எரிகிற அடுப்பு, அதைச் சுற்றி எல்லாரும் மேஸைக் காயப்போட்டுக்கொண்டு குளிர் காய்கிறார்கள். ஒரு இளைஞன் மட்டும் மூலையில் கோப்பையைப் பிடித்தபடி இருந்தான், கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னான், கூட வந்தவர்கள் களைப்பு என்று சிரித்தார்கள். அவனுடைய வழிகாட்டி சிரிக்கவில்லை. எழுப்பி நிறுத்தி, தரைப்பலகையின் கோட்டில் குதிக்கால் விரலைத் தொடுகிற மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவன் பக்கவாட்டில் சரிந்தான். வழிகாட்டி ஒரு வார்த்தை கதைக்கவில்லை, சப்பாத்தை எடுத்து அவனுக்குப் போட்டுவிடத் தொடங்கினார். டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அன்றிரவே பெரிச்சேக்கு இறக்கினார்கள். அது லோபுச்சேயை விட 500 மீற்றருக்கு மேல் பள்ளம், அதோடு 1973இல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷன் சீசன் நேரத்தில் அங்கே ஒரு கிளினிக் நடத்துகிறது. அவன் பிழைத்தான்.

அந்தக் கோட்டு நடையை மகனுக்கு வீட்டிலேயே செய்து காட்டுங்கள். தடுமாறுகிறவனைப் படுக்க விட்டால் காலையில் எழும்பமாட்டான் என்பதை அவனோடு போகிற எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக அப்படித் தடுமாறுகிறவனைத் தனியாக இறங்க விடக் கூடாது.

டயமொக்ஸ் நல்ல மருந்துதான். அசிட்டசோலமைட் என்பது அதன் மருத்துவப் பெயர். சிறுநீரகம் நாட்கணக்கில் செய்கிற வேலையை அது கெதியாக்கிவிடும், அதனால் மூச்சு நன்றாக வரும். அதனால்தான் அதைக் குடித்தால் அடிக்கடி சிறுநீர் போகும், விரல் நுனி விறைக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இதற்கெல்லாம் பயப்படக் கூடாது. தடுப்புக்கென்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், வேறு குளிசைகள் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இங்கேயே ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். குளிசை இருக்கிறதுதானே என்று தங்கல் நாளைக் குறைக்க மட்டும் விடாதீர்கள். நித்திரைக் குளிசையும் சாராயமும் அந்த உயரத்தில் தொடவே கூடாது, இரண்டும் மூச்சை அமத்தும்.

இரவில் மூச்சு கொஞ்சம் நின்று பிறகு திடுக்கிட்டு எழும்புவான். அதை அங்கே எல்லாரும் அனுபவிக்கிறார்கள், அது நோயில்லை. முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவான்.

அஸ்ஸலாமு அலைக்கும். ஹலால் சாப்பாடு அந்த மலையில் கிடைக்குமா? பத்துப் பன்னிரண்டு நாளைக்கு எதைச் சாப்பிடுவது?
வாசகர், காத்தான்குடி

வஅலைக்குமுஸ்ஸலாம். காத்மண்டுவில் ஹலால் கடைகள் இருக்கின்றன, மலையில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மலையில் இறைச்சி யாருக்குமே நல்லதில்லை. எவரெஸ்ட் பக்கத்துக் கும்புப் பகுதி ஷெர்பாக்கள் பௌத்தர்கள், அங்கே உயிர் அறுப்பதில்லை, ஆகவே இறைச்சி கீழேயிருந்து ஆள் முதுகில் நாட்கணக்கில் சுமந்து வருவது, குளிர்சாதனம் எதுவும் இல்லாமல். பருப்பும் சோறும், உருளைக்கிழங்குக் கறியும், கீரையும் சேர்ந்த தால் பாத்தைச் சாப்பிடுங்கள். எங்கள் நாக்குக்கு அந்நியமே இல்லாத சாப்பாடு, கேட்டால் சோறும் பருப்பும் இன்னொரு தடவை போடுவார்கள். முட்டையும் கிடைக்கும். மேலே போகப் போகப் பசி செத்துவிடும், அப்போதும் வலுக்கட்டாயமாகச் சாப்பிட வேண்டும். வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் கொஞ்சம் மாசிச் சம்பலும் கொண்டுபோங்கள், அந்தக் குளிரில் ஒரு கரண்டி சம்பல் சோற்றை இறக்கிவிடும். தண்ணீரைக் குளோரின் குளிசை போட்டோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தாலும் சுத்தமானது என்று அர்த்தமில்லை.

அம்மாவுக்கு 64 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. முக்திநாத் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பொக்காராவிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம் என்கிறார்கள். கூட்டிப் போகலாமா?
வாசகி, களுவாஞ்சிகுடி

கூட்டிப் போங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்று நம்பி இங்கிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எத்தனையோ அம்மாமார் போய் வருகிறார்கள். அந்த ஆசையைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

பொக்காரா 800 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. அங்கிருந்து விமானத்தில் ஜொம்சொம் போனால் இருபது நிமிடத்தில் 2,700 மீற்றர், அடுத்து ஜீப்பில் ஏறினால் மத்தியானத்துக்கு முன்னம் 3,700. நடந்து போகிறவனுக்காவது உடம்பு எச்சரிக்கும், ஜீப்பில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஆகவே ஜொம்சொம்மிலோ பக்கத்து மார்பாவிலோ இரண்டு இரவு படுக்க வையுங்கள், மூன்றாம் நாள் காலையில் ஜீப்பில் ரானிபௌவா போய், கோயிலுக்கு மெல்ல நடத்திக் கூட்டிப் போய் தரிசனம் முடித்துவிட்டு, பின்னேரமே இறங்கி ஜொம்சொம்மில் படுங்கள். ஜொம்சொம்மில் முற்பகலுக்குப் பிறகு காற்று பலமாக வீசும், விமானங்கள் காலையில் மட்டும்தான், அதையும் கணக்கில் எடுங்கள்.

கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகளில் தண்ணீர் கொட்டுகிறது, எல்லாரும் அதற்குக் கீழால் ஓடி நனைவார்கள். பனி உருகிய தண்ணீர் அது. அம்மா ஒரு கை அள்ளித் தலையில் தெளித்தால் போதும், பிரஷர் உள்ளவர் அந்தக் குளிரில் முழுக்க நனைவது நல்லதில்லை. இன்சுலின் போடுகிறவர் என்றால் அது உறையக் கூடாது, உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், சீனி பார்க்கிற கருவியையும் அப்படியே. வெளிக்கிட ஒரு மாதத்துக்கு முன் அவருடைய டொக்டரிடம் உயரத்தையும் நாட்களையும் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சுவலி உள்ளவர் என்றால் டொக்டர் சொல்கிறதுதான் முடிவு.

உகந்தையிலிருந்து குமணக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போயிருக்கிறேன். இமயத்துக்கு அந்தப் பழக்கம் போதுமா? இங்கே மலையில்லாத இடத்தில் எப்படிப் பயிற்சி எடுப்பது?
வாசகர், திருக்கோவில்

பாதிக்கு மேல் தயாராகிவிட்டீர்கள். நாள் கணக்காகத் தொடர்ந்து நடப்பது, கொப்புளத்தோடு மறுநாள் எழும்பி நடப்பது, கிடைத்ததைச் சாப்பிட்டு வெறுந்தரையில் படுப்பது, முன்னால் போகிறவரை அவசரப்படுத்தாமல் கூட்டத்தோடு போவது, இதையெல்லாம் எந்த ஜிம்மும் சொல்லித் தராது. அரோகரா சொல்லி நடந்த கால் மலையிலும் நடக்கும்.

மிச்சம் இரண்டு விஷயம். ஒன்று ஏற்ற இறக்கம். பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், பிறகு எட்டுக் கிலோவாக்குங்கள். இறங்குவதை விட்டுவிடாதீர்கள், முழங்காலை முடிப்பது இறக்கம்தான். வாரத்தில் ஒரு நாள் கடற்கரை மணலில் இரண்டு மூன்று மணித்தியாலம். குடும்பிமலை 534 மீற்றர்தான், ஆனாலும் வெயிலில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். கடைசி மாதத்தில் சிவனொளிபாதமலை, அதுவும் இரத்தினபுரிப் பக்கத்து நீண்ட பாதையால். இரண்டாவது குளிர். அதற்கு இங்கே பயிற்சி இல்லை, உடுப்புத்தான் வழி. ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும், கோரக் ஷெப்பில் அக்டோபர் நவம்பர் இரவுகள் பூச்சியத்துக்கு நன்றாகக் கீழே போய்விடும்.

உயரத்துக்கும் இங்கே பயிற்சி கிடையாது. சிவனொளிபாதமே 2,243 மீற்றர்தான். நுவரெலியாவில் ஒரு கிழமை நின்றாலும் 5,000 மீற்றருக்கு உடம்பு பழகாது. அந்தப் பழக்கம் அங்கேயே, நாள் கொடுத்துத்தான் வரும்.

சப்பாத்து, ஜக்கெட் எல்லாம் இங்கே வாங்கவா, அங்கே வாங்கவா?
வாசகர், அம்பாறை

சப்பாத்தை மட்டும் இங்கேயே வாங்கி, குறைந்தது ஒரு மாதம் மேஸோடு போட்டு நடந்து பழக்குங்கள், இறக்கத்தில் விரல் முட்டாமல் இருக்கக் கொஞ்சம் பெரிதாக எடுங்கள். தடித்த ஜக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் காத்மண்டு தமேலில் வாடகைக்கே கிடைக்கும். பருத்தி பெனியனை விட்டுவிட்டுப் போங்கள், வியர்வையில் நனைந்தால் காயாது, குளிரேற்றும். விசாவுக்குக் கவலை வேண்டாம், சார்க் நாட்டவர் என்பதால் அந்த வருடத்தின் முதல் பயணத்துக்கு 30 நாள் விசா இலவசம். தேசியப் பூங்கா அனுமதியும் எங்களுக்கு மற்ற வெளிநாட்டவரை விடக் குறைவு. கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

நாங்கள் இரண்டு ஆசிரியைகள். வழிகாட்டி கட்டாயமா? பெண்கள் தனியாகப் போவது எப்படி? சுமைக்கு ஆள் பிடிப்பது மனதுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.
வாசகி, ஆரையம்பதி

2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளம் விதி வைத்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் கட்டாயம் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன், மேலே லோபுச்சேயில் நடந்ததைப் படித்தீர்கள்தானே. பெண் வழிகாட்டி வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும், பொக்காராவில் பெண்களையே பயிற்றுவித்து அனுப்புகிற நிறுவனம் 1990களிலிருந்து இயங்குகிறது. மாதவிடாய்க்கு வேண்டியதை எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோங்கள், பாவித்ததைக் கட்டிவைக்க ஒரு பையும். நாம்சேக்கு மேலே குளிப்பை மறந்துவிடுங்கள், ஈரத்துணியால் துடைப்பது போதும்.

சுமைக்கு ஆள் பிடிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை தங்கச்சி, அந்தக் கூலியில் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. கூச்சப்பட வேண்டியது அவரை எப்படி நடத்துகிறோம் என்பதில். சுமக்க வருகிறவர்கள் எல்லாரும் ஷெர்பாக்கள் இல்லை, நிறையப் பேர் ராய், தமாங் இளைஞர்கள், பள்ளத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கும் உயர நோய் வரும், ஆனால் கூலி போய்விடும் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே உங்கள் இருவருக்கும் ஒருவர், மொத்தச் சுமை 20 கிலோவுக்குள் என்று வையுங்கள். காசு கட்டுவதற்கு முன்னமே முகவரிடம் கேளுங்கள்: அவருக்குக் காப்புறுதி உண்டா, நல்ல சப்பாத்தும் குளிர் ஜக்கெட்டும் உண்டா, இரவில் எங்கே படுப்பார், வருத்தம் வந்தால் யார் கூட்டிக்கொண்டு இறங்குவது? மழுப்பினால் அடுத்த முகவரிடம் போங்கள். நடக்கும்போது தினமும் காலையில் உங்களுக்குள் தலையிடி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வீர்கள் அல்லவா, அவரிடமும் கேளுங்கள்.

உங்கள் காப்புறுதியில் ஹெலிகொப்டர் செலவும் 6,000 மீற்றர் வரையான உயரமும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள். தேவையில்லாமல் ஹெலிகொப்டர் ஏற்றிக் காப்புறுதிக் காசு எடுத்த விவகாரத்தை 2018இல் நேபாள அரசே விசாரித்தது. ஆகவே நடக்கக்கூடிய ஒருவரை யாராவது அவசரப்படுத்தி ஏற்றப் பார்த்தால் முதலில் பெரிச்சே மாதிரி ஒரு கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். நடக்க முடியாதவருக்கு அந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம், உடனே இறக்குங்கள்.